மறதி நோய்க் குடும்பங்களுக்கான சமூகத் துணைச் சேவைகள்: தென்னிந்திய வரலாறு

முதுமையில் நினைவாற்றல், மொழி, திசையறிவு, முடிவெடுக்கும் திறன் ஆகியவை படிப்படியாகத் தேய்ந்து, அன்றாட வேலைகளைக்கூடத் தாமே செய்துகொள்ள முடியாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுசெல்லும் நோய்களின் தொகுதிக்கு டிமென்ஷியா என்று பெயர். தமிழில் மறதி நோய், முதுமறதி என்ற சொற்கள் வழங்குகின்றன. இத்தொகுதியில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். மூளையின் இரத்தக்குழாய்கள் பாதிக்கப்படுவதால் வரும் மறதி நோயும் நம் நாட்டில் கணிசமாக உண்டு. பெரும்பாலான வகைகளுக்கு முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. எனவே நோய் தொடங்கிய நாளிலிருந்து இறுதிவரை, பல ஆண்டுகள், நோயாளி மருந்தைவிட மனிதர்களின் பராமரிப்பை நம்பியே வாழவேண்டியிருக்கிறது.

அந்தப் பராமரிப்பைத் தருபவர் பெரும்பாலும் வீட்டில் உள்ள ஒருவர்தாம்: மனைவி, மகள், மருமகள், சில வீடுகளில் கணவர் அல்லது மகன். நோயாளிக்கும் அவருக்கும் மருத்துவமனைக்கு வெளியே கிடைக்கும் உதவிகளையே சமூகத் துணைச் சேவைகள் என்கிறோம். வீட்டுக்கு வந்து வழிகாட்டும் ஊழியர், பகல் பராமரிப்பு மையம், சில நாட்கள் மட்டும் நோயாளியைத் தங்கவைத்துக்கொள்ளும் ஓய்வுப் பராமரிப்பு, பராமரிப்பவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழு, தொலைபேசி உதவி, சட்ட ஆலோசனை ஆகியவை இதில் அடங்கும்.

இந்தியாவில் இச்சேவைகளின் வரலாறு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு வரலாறுதான். அதன் முதன்மையான களங்கள் கேரளமும் தமிழ்நாடும் கோவாவும். இந்த வரலாறு முழுவதும் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. "பிள்ளைகள் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறார்களா?" என்று ஊரும் சட்டமும் எப்போதும் கேட்டு வந்திருக்கின்றன. "பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்ற கேள்வி மிகப் பிந்தியே எழுந்தது, அதற்கான விடையும் பாதியிலேயே நிற்கிறது.

நோய்க்குப் பெயர் வந்த வரலாறு

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகர மருத்துவமனையில் அகஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். மறதி, குழப்பம், கணவர் மீது சந்தேகம் ஆகியவை அவருக்கு இருந்தன. அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906இல் அப்பெண் இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் கண்ட மாற்றங்களை அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அல்சைமர் விவரித்தார். 1910இல் எமில் கிரேப்பலின் தமது மனநல மருத்துவப் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமர் பெயரையே சூட்டினார்.

ஆயினும் அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இப்பெயர் நடுவயதில் வரும் அரிய நோய்க்கு மட்டுமே வழங்கியது. எழுபது, எண்பது வயதில் அதே அறிகுறிகள் வந்தால் அது முதுமையின் இயல்பான தளர்ச்சி என்று ஒதுக்கப்பட்டது. 1976இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் எழுதிய தலையங்கம் ஒன்று இப்பிரிவினை தவறு என்றது. நடுவயதில் வருவதும் முதுமையில் வருவதும் ஒரே நோய். ஆகவே இது அரிய நோயன்று, பெருவாரியான நோய் என்பது அவர் வாதம்.

இந்த மாற்றத்தின் பொருளைக் குடும்பங்கள் உடனே உணர்ந்தன. வயதின் இயல்பு என்றால் அதற்கு உதவி கேட்க வழியில்லை. நோய் என்றால் கேட்கலாம். 1978இல் கனடாவிலும், 1979இல் பிரிட்டனிலும், 1980இல் அமெரிக்காவிலும் அல்சைமர் சங்கங்கள் தோன்றின. இவற்றின் தோற்றத்தில் நோயாளிகளின் குடும்பத்தினருக்குப் பெரும் பங்கு உண்டு. 1981இல் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் இருவரும் பராமரிப்பவர்களுக்காக எழுதிய கையேட்டுக்கு 'முப்பத்தாறு மணி நேர நாள்' என்ற பொருள் தரும் தலைப்பு வைத்தார்கள். பராமரிப்பவரின் ஒரு நாளை அளக்க இருபத்து நான்கு மணி போதாது என்பது அதன் குறிப்பு. 1984இல் நாடுகளின் சங்கங்கள் இணைந்து பன்னாட்டு அல்சைமர் கூட்டமைப்பை உருவாக்கின. 1994 முதல் செப்டம்பர் 21ஆம் நாள் உலக அல்சைமர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நம் ஊர்களில் வழங்கிய பெயர்கள்

நம் நாட்டில் மக்கள் இந்நிலையை அறியாமல் இல்லை. ஆய்வாளர்கள் ஊர்களுக்குச் சென்று விசாரித்தபோது எல்லா இடத்திலும் இதற்கு ஒரு பெயர் இருந்தது. கேரளத்தில் 'சின்னன்' என்றார்கள். பெரியவர் குழந்தைத்தனமாக ஆகிவிட்டார் என்பது அதன் பொருள். கோவாவில் கொங்கணி பேசுவோர் களைத்துப்போன மூளை என்ற பொருளுடைய சொல்லை வழங்கினர். தமிழ்நாட்டிலும் "புத்தி மாறிப்போச்சு", "குழந்தை மாதிரி ஆயிட்டாங்க", "வயசானா அப்படித்தான்" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு.

அறிகுறிகளுக்குப் பெயர் இருந்தது. ஆனால் அது நோய் என்ற எண்ணம் இல்லை. 2001இல் விக்ரம் படேல், மார்ட்டின் பிரின்ஸ் இருவரும் வெளியிட்ட கோவா ஆய்வில், மக்கள் இந்நிலைக்கு இரண்டு விளக்கங்கள் தந்ததாகத் தெரிகிறது. ஒன்று, முதுமையின் இயல்பு. மற்றது, பிள்ளைகளின் அலட்சியமும் அன்பின்மையும். முதல் விளக்கத்தால் மருத்துவரிடம் போகும் தேவை இல்லாமல் ஆகிறது. இரண்டாவது விளக்கமோ, இரவு பகலாக நோயாளியுடன் இருப்பவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

இதன் விளைவைத் தெருவில் காணலாம். சாப்பிட்டு அரைமணி நேரம் ஆகியிருக்கும். அதை மறந்த பாட்டி வாசலுக்கு வந்து, "எனக்குக் காலையிலிருந்து ஒரு வாய் சோறு போடலை" என்று அண்டை வீட்டாரிடம் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நினைவில் அந்தச் சோறு இல்லை. கேட்பவர் மருமகளைத்தான் பழிப்பார். இந்த ஒரு பழிச்சொல்லைத் தவிர்க்கவே பல குடும்பங்கள் நோயாளியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கின்றன. துணைச் சேவை என்பது முதலில் அந்தக் கதவைத் திறப்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

குன்னங்குளத்தில் தொடங்கிய சங்கம்

1992இல் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள குன்னங்குளத்தில் மருத்துவர் ஜேக்கப் ராய் குரியாகோஸ், இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கத்தைத் தொடங்கினார். ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற எழுத்துகளால் இது அறியப்படுகிறது. அவர் குழந்தைகள் நல மருத்துவர். முதியோர் மருத்துவம் அவர் துறையன்று. மேலைநாட்டுச் சங்கங்களைப் போலவே இங்கும் ஒரு சிற்றூர் சார்ந்த தன்னார்வ முயற்சியாகவே இப்பணி தொடங்கியது. அரசுத் துறையோ பெரிய மருத்துவமனையோ இதைத் தொடங்கவில்லை.

சங்கம் பின்னர் பல நகரங்களில் கிளை விட்டது. சென்னையிலும் கிளை அமைந்தது. விழிப்புணர்வுக் கூட்டம், பராமரிப்பவர் சந்திப்பு, பகல் பராமரிப்பு மையம், பராமரிப்பு ஊழியர் பயிற்சி ஆகியவை அதன் பணிகள். ஜேக்கப் ராய் பிற்காலத்தில் பன்னாட்டு அல்சைமர் கூட்டமைப்பின் தலைவராகவும் பொறுப்பேற்றார்.

1998இல் அக்கூட்டமைப்பின் ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்தது. அங்கே கூடிய ஆய்வாளர்கள் ஒரு குழுவை அமைத்து அதற்கு '10/66' என்று பெயரிட்டனர். உலகின் மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கின்றனர். ஆனால் மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை. அந்தப் பொருத்தமின்மையையே குழு தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. திருச்சூர், கோவா, சென்னை, வேலூர் ஆகிய இடங்கள் அதன் களங்களாயின.

எண்ணிக்கையும் அதில் ஒளிந்திருந்த உண்மையும்

சேவை கேட்க வேண்டுமானால் எண்ணிக்கை காட்ட வேண்டும். செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள திருப்போரூரில் ராஜ்குமார், குமார், தாரா ஆகிய ஆய்வாளர்கள் 60 வயது கடந்த 750 பேரை ஆராய்ந்து, 3.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருப்பதாக 1997இல் அறிவித்தனர். கிராமத்தில் இந்நோய் இல்லை, இது பட்டணத்து நோய் என்ற எண்ணத்தை மறுத்த தொடக்ககால ஆய்வுகளில் இது ஒன்று.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 65 வயது கடந்த ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. அதன் முடிவு வியப்பானது. அமெரிக்க மனநல அளவுகோலின்படி பார்த்தால் நோயாளிகள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 10/66 குழு உருவாக்கிய அளவுகோலின்படி பார்த்தால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்று மேல். ஒரே மக்கள், ஒரே காலம், இரண்டு விடை.

காரணம் என்ன? முதல் அளவுகோல், மறதியால் ஒருவரின் அன்றாட வாழ்வும் சமூக வாழ்வும் கெட்டிருக்கிறதா என்று குடும்பத்தாரிடம் கேட்டு முடிவு செய்கிறது. நம் கிராமங்களில் வயதானவரிடம் கணக்கு வழக்கு, கடை கண்ணி, சமையல் என்று எதையும் எதிர்பார்ப்பதில்லை. சோறு தட்டில் வந்துவிடுகிறது. துணி மடித்து வைக்கப்படுகிறது. வெளியே போனால் பேரன் கூடப் போகிறான். "அவருக்கு ஒன்றும் சிரமமில்லை" என்று குடும்பத்தார் சொல்வதில் பொய் இல்லை. சிரமம் முழுவதையும் அவர்கள் தாங்கள் ஏற்றுக்கொண்டு விட்டதால் அது நோயாளியிடம் தெரியவில்லை. குடும்பத்தின் உழைப்பே நோயை மறைத்துவிட்டது. கணக்கில் நோயாளி இல்லையென்றால் அவருக்குச் சேவையும் இல்லை. அமைதியாகச் சமாளிக்கும் வீட்டுக்கு உதவி வராமல் போவதன் காரணம் இதுவே.

பிற்காலத்தில் நாடு தழுவிய கணக்குகள் வந்தன. ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. 2010இல் வெளியிட்ட இந்திய டிமென்ஷியா அறிக்கை, நாட்டில் 37 லட்சம் நோயாளிகள் இருப்பதாக மதிப்பிட்டது. 2023இல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு, 60 வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகக் கூறுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் கூடுதல் என்பதும் அதன் முடிவு.

பராமரிப்பவர் யார்?

திருச்சூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கே.எஸ். ஷாஜியும் அவருடன் பணியாற்றியவர்களும் கேரளக் கிராமங்களில் நடத்திய இரண்டு ஆய்வுகள் இவ்வரலாற்றில் முக்கியமானவை.

முதலாவது 2002இல் வெளிவந்தது. உள்ளூர் ஊழியர்களுக்குக் குறுகிய பயிற்சி தந்து, தங்கள் பகுதியில் மறதி நோய் இருக்கக்கூடிய முதியவர்களைச் சுட்டிக்காட்டச் செய்தனர். பின்னர் மருத்துவர் சோதித்தபோது, சுட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் உறுதியானது. வீடு வீடாகப் போகும் பழக்கமுள்ள உள்ளூர் ஊழியரே நோயைக் கண்டறியும் முதல் படியாக இருக்க முடியும் என்பது தெரிந்தது.

இரண்டாவது ஆய்வு 2003இல் வந்தது. அதில் பராமரிப்பவர்களை உட்காரவைத்து அவர்கள் கதையைக் கேட்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள், பலர் மருமகள்கள், கணவர், குழந்தைகளோடு சேர்த்து நோயாளியையும் கவனிப்பவர்கள். நோயின் அறிகுறிகளை வேண்டுமென்றே செய்யும் அடம் என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். திரும்பத் திரும்பக் கேட்பது, பொருளை ஒளித்துவைப்பது, திருடிவிட்டாய் என்று குற்றம் சாட்டுவது, இரவில் எழுந்து அலைவது ஆகியவை நோயின் பகுதி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. மனச்சோர்வும் களைப்பும் ஏறக்குறைய எல்லோரிடமும் இருந்தன. உள்ளூர் மருத்துவச் சேவையோ அவர்களுக்குப் பயன்படும் வகையில் இல்லை. நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே பெரும்பாடாக இருக்கும் வீட்டுக்கு, "மருத்துவமனைக்கு வாருங்கள்" என்பது எப்படிச் சேவையாகும்?

கோவாவின் வீட்டு வருகை

இந்தக் கேள்விக்குச் செயல்முறையில் விடை கண்ட ஆய்வு 2008இல் கோவாவிலிருந்து வந்தது. அமித் டயஸ் தலைமையில் இரண்டு தாலுகாக்களில் நடந்த அந்த ஆய்வில் 81 குடும்பங்கள் பங்கேற்றன. அவற்றில் 41 குடும்பங்களுக்கு உடனே வீட்டு வருகைச் சேவை தரப்பட்டது. மற்ற 40 குடும்பங்கள் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டன.

வீட்டுக்குச் சென்றவர்கள் மருத்துவர்களோ செவிலியர்களோ அல்லர். மேல்நிலைப் பள்ளிவரை படித்த, உள்ளூர் மொழி பேசும், ஒரு வாரப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது வீட்டுக்குப் போவார்கள். நோய் என்னவென்று விளக்குவார்கள்; அடம், கோபம், அலைச்சல் வரும்போது என்ன செய்யலாம் என்று சொல்வார்கள்; குளிப்பாட்டுவது, உணவூட்டுவது போன்ற வேலைகளை எளிதாக்க வழிகாட்டுவார்கள்; வீட்டில் மற்றவர்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளப் பேசுவார்கள்; அரசு உதவித்தொகை கிடைக்குமானால் விண்ணப்பிக்க உதவுவார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, நோயாளியின் செயல்திறனில் புள்ளிவிவரப்படி உறுதியான மாற்றம் இல்லை. ஆனால் பராமரிப்பவரின் மனநலம் தெளிவாக மேம்பட்டிருந்தது. நோயாளியின் நடத்தையால் அவர் அடையும் மன உளைச்சலும் குறைந்திருந்தது. நோய் அப்படியே இருந்தும் வீட்டின் பாரம் குறைந்தது. கட்டடம், கருவி, விலையுயர்ந்த மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற ஒரு மனிதர் தவறாமல் வந்து போனதே போதுமானதாக இருந்தது.

சென்னையின் பங்கு

முதியோர் மருத்துவத்தில் சென்னைக்கு முன்னோடி இடம் உண்டு. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளர் பிரிவு தொடங்கியது. அதை வளர்த்தெடுத்த வி.எஸ். நடராஜன் இத்துறையில் நாட்டின் முதல் பேராசிரியர். 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். முதியோர் நலம் பற்றி எளிய தமிழில் நூல்கள் எழுதியவர். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ முதுநிலைப் பட்டப்படிப்பு தொடங்கியது.

மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், பின்னாளில் 'டெம்கேர்ஸ்' என்ற பெயரில் மறதி நோய்க்கான தனிப் பிரிவைத் தொடங்கியது. பிரிட்டனில் உருவான அறிவாற்றல் ஊக்கப் பயிற்சி என்ற முறையைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றி நடத்திப் பார்த்து, அதன் முடிவுகளை இந்நிறுவனத்தார் 2017இல் வெளியிட்டனர். தொடக்க நிலை, இடைநிலை நோயாளிகள் சிறு குழுவாக அமர்ந்து பேசும் பயிற்சி இது. மூல வடிவில் வாரம் இருமுறையாக 14 அமர்வுகள் உண்டு.

இப்பயிற்சியின் அடிப்படை விதி ஒன்று எல்லா வீட்டுக்கும் பொருந்தும்: விடை சரியா தவறா என்று சோதிக்கக் கூடாது, கருத்தைக் கேட்க வேண்டும். "இன்று என்ன கிழமை?" என்று கேட்டால் நோயாளி தோற்றுப்போவார். "கேழ்வரகுக் களி நல்லதா, கம்பங்கூழ் நல்லதா?" என்று கேட்டால் பேசுவார். வாழ்நாளெல்லாம் வகுப்பில் கேள்வி கேட்டவன் என்ற முறையில் இவ்விதியின் அருமை எனக்குப் புரிகிறது. நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் ஒவ்வொருவரும், "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று தேர்வு வைக்கிறார்கள். அன்பினால் கேட்பதுதான். ஆனால் தேர்வில் தினமும் தோற்கும் பிள்ளை பள்ளிக்கு வர மறுப்பதுபோல, பெரியவரும் யார் வந்தாலும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார். "நான் செல்வி வந்திருக்கேன் பெரியம்மா" என்று தாமே பெயரைச் சொல்லித் தொடங்கினால் அந்தத் தோல்வி இல்லை.

சட்டமும் அரசுத் திட்டங்களும்

2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பராமரிக்கத் தவறும் பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் மாதந்தோறும் வாழ்வுத்தொகை பெற இச்சட்டம் வழிசெய்கிறது. அதற்கெனத் தீர்ப்பாயங்கள் உண்டு. கைவிடப்பட்ட முதியோருக்கு இது தேவையான சட்டமே. ஆனால் கைவிடாத பிள்ளைக்கு இச்சட்டத்தில் எந்தத் துணையும் இல்லை. வேலையை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்க அதில் வழியில்லை. அலட்சியத்தைத் தண்டிப்பதில் காட்டிய அக்கறையை உழைப்பைத் தாங்குவதில் நாம் காட்டவில்லை.

2010ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் முதியோர் பிரிவு, படுக்கையில் இருப்போருக்கு வீட்டுச் சேவை ஆகியவற்றை நோக்கமாகக் கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்கு முடிவெடுக்கும் திறன் குறைந்தால் எத்தகைய சிகிச்சை வேண்டும், தம் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க இடம் தருகிறது. நோயின் தொடக்கத்திலேயே இதைச் செய்வது நன்று. முற்றிய பிறகு எழுதிவைக்க இயலாது. முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணும் செயல்படுகிறது. 2024இல் சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

மாநில அளவில் மறதி நோய்க்கெனத் தனித் திட்டம் வகுத்ததில் கேரளம் முந்திக்கொண்டது. 2014இல் 'ஸ்மிருதிபதம்' என்ற பெயரில் அரசும் ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.யும் இணைந்து, திருச்சூர் மாவட்டத்தில் பகல் பராமரிப்பு மையத்தையும் எர்ணாகுளம் மாவட்டத்தில் முழுநேர இல்லத்தையும் தொடங்கின.

இல்லமா, வீடா?

பகல் மையங்களும் தங்கும் இல்லங்களும் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளன. தனியார் இல்லங்களின் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கே பெரும் சுமை. பகல் மையம் பக்கத்தில் இருந்தால்தான் பயன். நோயாளியைத் தினமும் இரண்டு பேருந்து மாற்றி அழைத்துச் செல்ல முடியாது. ஆகவே கிராமத்துக்கும் சிறு நகரத்துக்கும் வீட்டு வருகைதான் பொருத்தமான சேவை.

இதற்கு முன்மாதிரி அண்டை மாநிலத்தில் உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, வலிதணிப்பு மருத்துவச் சங்கம், பின்னர் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லும் இயக்கமாக விரிந்தது. 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாக ஏற்றது. உள்ளாட்சி அமைப்புகள் செவிலியரை அமர்த்தி வீட்டுச் சேவை நடத்துகின்றன. புற்றுநோயாளிகளுக்கெனத் தொடங்கிய அச்சேவை இன்று நெடுநாள் படுக்கையில் கிடக்கும் மற்றவர்களையும் சேர்த்துக் கவனிக்கிறது. மறதி நோய் முற்றியவர்களும் அதில் அடக்கம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளைத் தருகிறார்கள். இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. கோவாவில் ஆய்வுக்காக உருவாக்க வேண்டியிருந்த ஊழியர் இங்கே ஏற்கெனவே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மறதி நோயை வளர்க்கும் காரணிகள் என்பதால், அவர் கையில் உள்ள மாத்திரைக்கும் இந்நோய்க்கும் நேரடித் தொடர்பும் உண்டு.

குடும்பங்கள் அறியவேண்டியவை

மறதி என்று தெரிந்தவுடன் மருத்துவரிடம் காட்டுவது முதல் படி. தைராய்டு குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, மனச்சோர்வு, கீழே விழுந்ததால் தலைக்குள் ஏற்படும் இரத்தக்கட்டு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதி நோய்போலத் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், சொத்து ஆகியவற்றுக்கான ஏற்பாட்டை நோயாளி தாமே கையெழுத்திட்டு முடிவெடுக்கக்கூடிய காலத்திலேயே செய்துகொள்ள வேண்டும். வெளியே போய் வழி தவறக்கூடியவரின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரிடமும் தெருமுனைக் கடைக்காரரிடமும் நோயைச் சொல்லிவைப்பது வெட்கமன்று. அவர்களே முதல் காவல்.

பராமரிப்பவரைப் பொறுத்தவரை, வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் பொறுப்பேற்பது மருந்துக்கு நிகர். வெளியூரில் உள்ள அண்ணன் தம்பிகள் பணம் அனுப்புவதோடு, ஆண்டில் சில வாரங்கள் வந்து தங்கி, பார்த்துக்கொள்பவரை வெளியே அனுப்பிவைக்கலாம். அரசுச் சேவை வரும்வரை ஓய்வுப் பராமரிப்பு என்பது நடைமுறையில் இதுதான்.

1992 முதல் இன்றுவரை நடந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால், எது பயன்தரும் என்பது தென்னிந்தியாவில் ஏற்கெனவே கண்டறியப்பட்டுவிட்டது. உள்ளூர் ஊழியர் நோயை இனங்காண முடியும் என்று திருச்சூரும், குடும்பம் நோயை மறைத்துத் தாங்கிக்கொண்டிருக்கும் என்று கணியம்பாடியும், தவறாத வீட்டு வருகை பராமரிப்பவரைக் காக்கும் என்று கோவாவும் காட்டிவிட்டன. மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலருக்குக் குறுகிய பயிற்சியும், அவர் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகளும் சேர்ந்தால் போதும். ஒன்று, "பெரியவருக்கு ஞாபகம் எப்படி இருக்கிறது?" மற்றொன்று, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்ணிடம் கேட்கவேண்டியது: "நீங்க ராத்திரி தூங்குறீங்களாம்மா?"